கேள்வி உங்களது, ‘ஆய்’வு நமது

சினிமா, கிரிக்கெட், தங்கம் விலை எல்லாம் அடுத்த வாரம். இந்த வாரத் தபால் பை முழுக்க டயப்பர் வாசனை.

இளம் தாய், கோவை: மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. ஆய் போகப் பாட்டி சீட்டில் உட்கார வைக்க எது நல்ல நாள்?

காதுகுத்துக்கும் மொட்டைக்கும் நாள் குறித்துக் கொடுக்கும் பஞ்சாங்கம் இதற்குக் கைவிரித்துவிட்டது. நாள் குறிக்க வேண்டியவர் உங்கள் மகன்தான். பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கும் மூன்றுக்கும் நடுவில் குறிப்பார். பகலில் இரண்டு மணி நேரம் டயப்பர் காய்ந்தே இருக்கிறதா பாருங்கள். “போய்ச் செருப்பை எடுத்துட்டு வா” என்று ஏவுங்கள். ஒற்றைச் செருப்போடு வந்தாலும் பாஸ். ஜட்டியைத் தானே இறக்கத் தெரிய வேண்டும், ஓர் இடத்தில் சற்று நேரம் உட்காரத் தெரிய வேண்டும். இந்த இரண்டாவதில் பெரியவர்களே பலர் ஃபெயில்.

எனக்குப் பிடித்த அடையாளம் ஒன்று உண்டு. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று காணாமல் போகும். தேடினால் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கையால் சோபாவைப் பற்றிக்கொண்டு, முகம் சிவக்க, கண் எங்கோ நிலைகுத்த நிற்கும். “என்னடா பண்றே?” என்றால் “ஒண்ணுமில்ல” என்று தலையாட்டும். ஒளிந்துகொள்ளத் தெரிந்துவிட்டதென்றால், வரப்போவது என்னவென்றும் தெரிந்துவிட்டது. சீட்டை வாங்கிவிடுங்கள்.

ஒரு வாசகி, திருப்பூர்: பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றே கால் வயதிலேயே சொல்லிவிட்டுத்தான் போகிறதாம்!

குழந்தை சொல்கிறதா, குழந்தையின் அம்மா சொல்கிறாரா?

மருமகள், மதுரை: “நாங்கள் ஒரு வயசுக்குள்ளேயே பழக்கிட்டோம்” என்கிறார் அத்தை. “ரெண்டு வயசு ஆகட்டும்” என்கிறார் டாக்டர். யார் பேச்சைக் கேட்பது?

நாட்டாமை வேலைக்கே கூப்பிட்டுவிட்டீர்கள். சரி, சொம்பை எடுத்து வையுங்கள்.

உங்கள் அத்தை பொய் சொல்லவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவில் பிள்ளையை இருத்தி, “ஸ்ஸ்ஸ்” என்று ஒலி கொடுத்தால் போதும், பிள்ளை கடமையை முடித்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ இனத் தாய்மாரும் கிட்டத்தட்ட இதையே செய்கிறார்கள். ஐந்தாறு மாதக் குழந்தைகளே அங்கே தேறிவிடுவதாக 1977இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால் இதில் பயிற்சி பெற்றவர் யார்? அத்தைதான். பிள்ளையின் முகம் சுளித்ததுமே தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடியவர் அவர்.

டாக்டர் கட்சியின் மூலவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன். பத்து ஆண்டுகளாகக் கவனித்த 1,170 குழந்தைகளைப் பற்றி 1962இல் எழுதினார். அவசரப்படுத்தாதீர்கள், பிள்ளை தயாரானதும் தொடங்குங்கள் என்பது அவர் கட்சி. அந்தப் பிள்ளைகள் பகலில் தேறிய சராசரி வயது 28.5 மாதம். அதே பிரேசல்டன் பிற்காலத்தில் பாம்பர்ஸ் விளம்பரத்தில், வளர்ந்த பிள்ளைகளுக்கான பெரிய சைஸ் டயப்பருக்காகத் தோன்றினார். ஆய்வில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொறுமையாக இருங்கள் என்ற அறிவுரை டயப்பர் விற்பவருக்குக் கசக்காது, இல்லையா?

தீர்ப்பு: அத்தைக்குச் சிமென்ட் தரை, கொடியில் வெயிலுக்குக் காயும் பழந்துணி, சுற்றிலும் நாலு பெண்கள். உங்களுக்கு மூன்றாவது மாடி, இ.எம்.ஐ. கட்டும் மெத்தை, பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங். ஈரமே உறைக்காத டயப்பரில் இருக்கும் பிள்ளைக்கு எதைப் பற்றிப் புகார் செய்வதென்றே தெரியாது. எனவே டாக்டர் சொன்ன வயது வரை காத்திருங்கள். அதுவரை காலை டியூட்டியை மட்டும் அத்தைக்குக் கொடுத்துப் பாருங்கள். முகம் பார்க்கும் வித்தை அவருக்கு மறந்திருக்காது.

அவசரக்காரர், சென்னை: ஒரே நாளில் பழக்க முடியாதா?

ஒரு நாளுக்குள் முடிப்பது எப்படி என்று அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1974இல் புத்தகமே போட்டார்கள். நிறையக் குடிக்கக் கொடு, ஒண்ணுக்குப் போகும் பொம்மையைக் காட்டு, பிள்ளையையே அதற்கு வாத்தியாராக்கு என்பது வழி. தயாராக இருக்கும் பிள்ளையிடம் பலிக்கலாம். இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் பொம்மை மட்டும் நன்றாகத் தேறியிருக்கும்.

அப்பா, சேலம்: பாட்டுப் பாடும், லைட் எரியும் பாட்டி சீட் வாங்கலாமா?

என் வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். பேட்டரி போட்ட எதையும் குழந்தையிடம் கொடுக்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் கரடியாய்க் கத்துகிறேன். ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில், கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் குழந்தைக்குச் செய்த சுடுமண் சீட் ஒன்று இருக்கிறது. காலை வெளியே நீட்ட முன்பக்கம் ஓட்டை. லைட்டும் இல்லை, பாட்டும் இல்லை. பாதம் தரையில் பதிய உட்காரும் சாதா சீட் போதும். கமோடில் வளையம் போட்டால் காலுக்கு ஒரு முக்காலி. அந்தரத்தில் கால் தொங்கினால் யாருக்குத்தான் முக்க வரும்?

கவலையோடு ஒருத்தி, தஞ்சாவூர்: ஜூனில் பிரீகேஜி. டயப்பரோடு வந்தால் சேர்க்க மாட்டார்களாம்.

பள்ளி திறக்கும் தேதி மூத்திரப் பைக்குத் தெரியாது. வேறு பள்ளி பாருங்கள்.

பெயர் வேண்டாம், நாகர்கோவில்: மூன்று வயது மகன் நன்றாகப் பழகியிருந்தான். தங்கை பிறந்ததிலிருந்து ஆய் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு அடக்குகிறான், அழுகிறான். போன வாரம் அடித்துவிட்டேன்.

இவன் அடம்பிடிக்கவில்லை, பயப்படுகிறான். எப்போதோ ஒருமுறை இறுகிப் போய் வலித்திருக்கும். வலிக்குமே என்று அடக்குவான். அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சி மலம் கல்லாகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். அடி இந்தப் பயத்தை வளர்க்கும், அவ்வளவுதான்.

பயிற்சியைச் சில வாரம் நிறுத்துங்கள். டயப்பரில்தான் போவேன் என்றால் கொடுங்கள், தோல்வி ஒன்றுமில்லை. குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மலம் இளக அவர் தரும் மருந்து மாதக்கணக்கில்கூடத் தேவைப்படலாம், சரியாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜட்டியில் தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று நினைக்க வேண்டாம். உள்ளே இறுகியதைச் சுற்றி ஒழுகுவதாக இருக்கலாம். ரத்தம், வயிற்று உப்புசம், வாந்தி இருந்தால் அன்றே காட்டுங்கள். பால் அதிகமென்றால் குறைத்து, பழமும் தண்ணீரும் கூட்டுங்கள். வலி விட்ட பிறகு, சாப்பிட்டதும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். குடல் தானாக அசையும் நேரம் அது.

தங்கை தூங்கும்போது அவனை மடியில் போட்டுக்கொண்டு, “அம்மா அடிச்சது தப்புடா” என்று சொல்லிவிடுங்கள். மூன்று வயதுக்குப் புரியும்.

ஒரு தாய், வேலூர்: நாலு வயது. பகலில் சமர்த்து, ராத்திரியில் படுக்கை நனைகிறது.

ராத்திரி வேறு இலாகா. தூக்கத்தில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் கைகொடுக்கும். ஐந்து வயது வரை கவலையே வேண்டாம். மாதக்கணக்கில் நனைக்காத பிள்ளை திடீரென்று மறுபடி தொடங்கி, கூடவே தாகமும் அதிகமென்றால் மட்டும் உடனே டாக்டரிடம் போங்கள். இது பரம்பரையாகவும் வரும். மாமியாரைத் தனியே கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர் எந்த வகுப்பு வரை நனைத்தார் என்று கேளுங்கள். நல்ல பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

தாத்தா, மன்னார்குடி: எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டோமா?

இல்லை ஐயா. உங்கள் மனைவி பார்த்துக்கொண்டார்.