அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: சர்வீஸ் மேலாளர் அவர்கள், ஏசி போட்ட காத்திருப்பு அறைக்குப் பின்புறம்.

பொருள்: பில்லில் இருப்பவை, காரில் இல்லாதவை குறித்து.

ஐயா,

காரை விட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் தங்கள் அட்வைசர் தம்பி போன் செய்துவிட்டார். "சார், ஒரு சின்ன விஷயம்" என்றார். சின்ன விஷயம் என்று தொடங்கும் எதுவும் நாலாயிரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை என்பது கார் வைத்திருப்போர் அறிந்ததே. இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்ளான் பாலிஷ் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். காரோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இவற்றில் ஒன்றுகூட இல்லை. காரைச் செய்தவர்களுக்கே தெரியாத நோய்களைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். பாராட்டுகள்.

அதே கையேட்டில், பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. அது மட்டும் தம்பியின் பட்டியலில் இல்லை. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காத டாட் 4 ரகம், 4 சதவீதத்துக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே 155 டிகிரியில் கொதித்துவிடக்கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருக்கு, பெடல் திடீரென்று தரை வரை போனால் எப்படியிருக்கும்? ஆனால் கார் பளபளப்பாக இருக்கும். டெஃப்ளான் அல்லவா!

பிரேக்கில் கீச்சென்று சத்தம் வருவதாகச் சொல்லியிருந்தேன். பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்த வேண்டும் என்பதற்காகவே அதில் சின்னத் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். தங்கள் மெக்கானிக் அந்தத் தகட்டை மடக்கிவிட்டார். சத்தம் நின்றது, ஜாப் கார்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதியாயிற்று. புகார் கொடுத்தவன் வாயைக் கட்டிவிட்டு வழக்கு முடிந்தது என்பதுபோல.

டயருக்கு வருவோம். நைட்ரஜன் நிரப்பி, வால்வுக்குப் பச்சை மூடியும் போட்டுத் தந்தீர்கள். இலவசக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. மீதி 22-க்கு வாங்கிய காசு என்று எடுத்துக்கொள்கிறேன். அலைன்மென்ட் அறிக்கையிலும் எல்லாக் கட்டமும் பச்சை. சமதளமான சாலையில் ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் மட்டும் கார் தானாக இடப்பக்கம் டீக்கடையைப் பார்த்துப் போகிறது. முன்டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. தம்பியிடம் கேட்டால், "டயரை மாத்திடுங்க சார்" என்கிறார். தேய்க்கிற கோணலை விட்டுவிட்டுத் தேய்ந்த டயரை மாற்றினால் புது டயரும் அப்படித்தானே தேயும்?

'புத்தம் புதுசு' என்று காட்டிய டயரின் பக்கவாட்டில் 1420 என்று அச்சாகியிருந்தது. 2020-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம் பிறந்தது என்று அர்த்தம். வயதில் மூத்தவர் என்பதால் தொட்டு வணங்கிவிட்டு வந்தேன்.

செக் லிஸ்ட்டில் ஸ்டெப்னிக்கும் காற்று பார்த்ததாக டிக் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மூட்டை அதன் மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. மூட்டையை நகர்த்தாமலே காற்றழுத்தம் கண்ட அந்தச் சித்தரை ஒருமுறை தரிசிக்க விரும்புகிறேன்.

மறுநாள் தம்பி மீண்டும் அழைத்தார். "கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க. ஒன்பதுன்னாலும் என் இன்சென்டிவ்ல கை வைப்பாங்க." அவர் மீது எனக்குக் கோபமில்லை. கோட்டிங் விற்கத்தான் அவருக்கு மாத இலக்கு. பேட்டை அளக்க யாரும் இலக்கு வைக்கவில்லை. அந்தக் கோட்டிங் இலக்கை வைத்தவர் தாங்கள்தான்.

எனவே சில வேண்டுகோள்கள். கழற்றிய பழைய பேட்டை டிக்கியில் போட்டு வையுங்கள், கண்ணால் பார்க்கிறேன். மாட்டிய பேட் எத்தனை மில்லிமீட்டர் என்று ஜாப் கார்டில் எழுதுங்கள். புது டயர் விற்றால் அந்த நான்கு இலக்கத்தையும் பில்லில் போடுங்கள். இதற்கெல்லாம் தனிக் கட்டணம் உண்டென்றால் அதையும் தருகிறேன், பாலிஷை நீக்கிவிட்டு.

இப்படிக்கு,
பத்துக்குப் பத்து போட்ட வாடிக்கையாளன்

பி.கு. (வாசகர்களுக்கு): உங்கள் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலேயே ஒட்டியிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேடு வரை தேய்ந்துவிட்டால், யாரையும் கேட்காமல் மாற்றிவிடுங்கள்.