ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு வாழையிலை

வெளியே போய்ச் சாப்பிட்டு ஏமாந்து திரும்பும் ஆசிரியர்கள், மறுநாள் ஆசிரியர் அறையில் சமையல்காரரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். சாம்பாரில் உப்பு இல்லை, பாயசத்தில் இனிப்பு இல்லை, கோழி வேகவில்லை, அந்தக் காசுக்கு வீட்டில் மூன்று நாள் சமைத்திருக்கலாம். இதில் கோழி மட்டும்தான் சமையல்காரரின் குற்றம். மற்ற இரண்டுக்கும் ஆள் மாற்றிப் பழி போடுகிறார்கள் என்பது என் கட்சி. உப்பையும் இனிப்பையும் தின்றவன் அடுப்படியில் இல்லை; மேசைக்கு மேலே, மின்விசிறிக்குப் பக்கத்தில், தூசி படிந்து சுவரில் தொங்குகிறான். பெயர் ஒலிபெருக்கி. நம் இளமைக்காலச் சினிமாப் பாட்டுகளை நம்முடைய இலையிலேயே ஊற்றுவது அவன் வேலை.

இப்படி ஒரு வழக்கைத் தொடுக்க ஆசிரியரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. காலை ஏழரைக்குத் தொடங்கும் நாளில் அவர் காது ஓய்வதே கிடையாது. வெண்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரிசையில் யார் யாருடைய அழிப்பானைப் பிடுங்கினார்கள் என்று பெயர் சொல்லிக் கண்டிக்கப் பழகிய காது அது. அந்தக் காதுக்குப் பின்னணி இசை என்று எதுவும் கிடையாது. விழுவதெல்லாம் முழுசாக விழும். நாக்கின் கதை இன்னும் பரிதாபம். ஓய்வு நேரம் 20 நிமிடம். அதற்குள் ஒரு பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டு, இன்னொரு பிள்ளை தொலைத்த சில்லறையைத் தேடிக் கொடுத்து, மூன்றாவது பிள்ளையின் அம்மா வாட்சாப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி, மிச்சமிருக்கும் நேரத்தில் சிற்றுண்டிச்சாலை மீகூனை நின்றபடியே விழுங்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாளும் விழுங்க மட்டுமே தெரிந்த நாக்கு, சம்பளம் வந்த வாரத்தில் ஈப்போவின் புந்தோங்கிலிருந்து ஜாலான் லாஹாட் பக்கம் போய் ஒரு வாழையிலைக்கு முன்னால் உட்காருகிறது. அதன் எதிர்பார்ப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே குத்துப்பாட்டு தொடங்கினால் எப்படி?

இது வெறும் வயிற்றெரிச்சல் இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் யூனிலீவர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், காதில் பலத்த இரைச்சலோடு சாப்பிட்டவர்களுக்கு உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிந்தன. மொறுமொறுப்பு மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. 2015இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார், விமானத்துக்குள் கேட்கும் அளவு, அதாவது 85 டெசிபெல் போல, இரைச்சலை ஒலிக்கவிட்டு ருசி பார்க்கச் சொன்னார்கள். இனிப்பு மங்கிவிட்டது, தக்காளியிலும் நெத்திலியிலும் இருக்கிற உமாமிச் சுவை தூக்கலாகிவிட்டது. நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு செவிப்பறையை ஒட்டி நடுக்காதைக் கடந்துதான் போகிறது. அதில் ஒரு காரணம் இருக்கலாம் என்கிறார்கள் அவர்கள். ஆகவே சத்தம் மிகுந்த கடையில் நாசி லெமாக் பிழைத்துக்கொள்ளும், அதற்கு நெத்திலிச் சம்பல் துணை உண்டு. பாயசம்தான் அநாதை. சமையல்காரர் போட்ட சர்க்கரை போட்டபடியே கிண்ணத்தில் இருக்கிறது; காது அதை நாக்குக்குச் சேரவிடவில்லை.

புந்தோங்காரர்களுக்கு இதை ஆய்வுக்கூடம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் இங்கே கச்சாங் பூத்தே தொழிலை நிலைநிறுத்தின. கடலையையும் முறுக்கையும் ஓமப்பொடியையும் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து போய் விற்ற காலத்தில், எந்த இடமாகப் பார்த்து நின்றார்கள்? படக்கொட்டகை வாசல், திருவிழாக் கூட்டம், பேருந்து நிலையம். ஊரிலேயே இரைச்சல் மிகுந்த இடங்களில் மொறுமொறுப்பாக எது உண்டோ அதைத்தான் விற்றார்கள். படக்கொட்டகை வாசலில் யாரும் ரசம் விற்றதாகக் கேள்விப்பட்டதில்லை. உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஒலியைக் காதுக்குக் கூட்டிக் கொடுத்தால் வறுவல் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் தெரிகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2008இல் ஸாம்பினி, ஸ்பென்ஸ் என்ற இருவருக்கு இக் நோபல் என்னும் வேடிக்கைப் பரிசு கொடுத்தார்கள். கச்சாங் பூத்தே கம்பத்துக்கு எந்தப் பரிசும் வரவில்லை.

பாட்டு உரக்கக் கேட்பது பாதிக் கேடு. அது நல்ல பாட்டாக இருப்பது மீதிக் கேடு. மோசமான பாட்டென்றால் முகத்தைச் சுளித்துவிட்டு அப்பளத்தில் கவனம் வைக்கலாம். நல்ல பாட்டு ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம்தான் மனத்தில் அதிகம் தங்குகிறது என்று உளவியலார் சொல்கிறார்கள்; அதிலும் பதின்ம வயதில் கேட்ட பாட்டு ஒட்டிக்கொண்டால் போகாது. 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா போட்ட ஒரு பாட்டை, 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் 'வல்லவன்' தொகுப்பில் ராப் ஆக்கினார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் செய்த அந்த வேலையை நான் மெச்சுகிறேன்; ஆனால் அதன் விளைவு, பணி ஓய்வுக்கு நாளெண்ணும் ஆசிரியரும் நேற்றுச் சேர்ந்த ஆசிரியரும் ஒரே மெட்டில் ஒரே நேரத்தில் கிறங்கிப் போவதுதான். மேசையில் எட்டுப் பேர் இருந்தும் சோறு குழைந்ததைக் கவனிக்க ஆளில்லை. பில் வரும்போதுதான் எல்லாருக்கும் சுயநினைவு திரும்புகிறது. தோட்டத்து லயத்தில், பால்மரம் வெட்டிவிட்டு வந்த அம்மா வைத்த கருவாட்டுக் குழம்போடு வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்குப் பாட்டு அப்படியே திரும்பி வருகிறது, அன்றைய பசி வருவதில்லை. அந்தக் குழம்போடு போட்டிபோட எந்தக் கடைக் குழம்பாலும் ஆகாது.

கல்யாணத்தில் நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளக்கும்போது சாம்பார் ருசிக்கவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னோர்கள் மேளக்காரரை மணவறைப் பக்கம் உட்காரவைத்தார்கள், பந்தியைத் தனியாகப் போட்டார்கள். கெட்டிமேளம் தாலிக்குத்தானே தவிர அப்பளத்துக்கு இல்லை. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கலந்தவை இன்றைய வாடகை மண்டபங்கள். பாட்டு நின்றால் கூட்டம் நின்றுவிடும் என்பது கடைக்காரர் வாதம். இதற்கும் பதில் உண்டு. 1986இல் மில்லிமன் என்பவர் அமெரிக்காவின் டல்லாஸ் பகுதி உணவகம் ஒன்றில் செய்த ஆய்வை வெளியிட்டார். மெதுவான இசை ஒலித்த நாள்களில் வாடிக்கையாளர்கள் சராசரியாக 56 நிமிடம் உட்கார்ந்தார்கள், வேகமான இசைக்கு 45 நிமிடம்தான். கூடுதலாக உட்கார்ந்தவர்கள் பானங்களுக்கு அதிகம் செலவழித்தார்கள். சாப்பாட்டுச் செலவில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. ஆகக் குத்துப்பாட்டு கடைக்காரரின் தே தாரேக் வருமானத்துக்கே உலை வைக்கிறது. ஆசிரியர்கள் எதிலும் குறை காண்பவர்கள், உணவகத்துக்கும் அடைவு நிலை 1 முதல் 6 வரை போடுகிறவர்கள் என்பது மூன்றாவது வாதம். மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை பாடத்தில் பின்தங்கினால் அவன் பசியாறினானா, வகுப்பில் இரைச்சலா என்று பார்க்கச் சொல்லிப் பயிற்சிக் கல்லூரியில் நமக்குப் பாடம் நடத்தினார்கள். அந்தக் கருணையை ரசத்துக்கும் காட்டலாமே.

பாட்டுக்கென்று ஓர் இடம் உண்டு என்பதை இந்த நாடே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. பேராக் மாநிலப் பண்ணின் மெட்டுத்தான் 'தெராங் புலான்' என்ற காதல் பாட்டாக ஊரெங்கும் ஆடிப் பாடப்பட்டது. 1947இல் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் குழுவினர் அதை ஹவாய் பாணியில் 'மமுலா மூன்' என்று இசைத்தட்டும் போட்டார்கள். 1957இல் அது நாட்டுப்பண் 'நெகாராகூ' ஆனது. அதன்பின் அந்த மெட்டைக் கேளிக்கையில் பாட விடவில்லை. (நம் பேராக் பள்ளிகளில் மட்டும், சபைகூடலில் ஒரே மெட்டை இரண்டு முறை இரண்டு விதச் சொற்களோடு பாடும் பாக்கியம் இன்னும் இருக்கிறது.) ஒரு மெட்டைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி மரியாதையான இடத்தில் உட்காரவைக்க முடியுமென்றால், இளையராஜாவுக்கும் அந்த மரியாதையைச் செய்யலாம். சட்டம் வேண்டாம், பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பொத்தானைக் கொஞ்சம் திருகினால் போதும்.

மே 16 ஆசிரியர் தின விருந்துக்கு மேசை பதிவு செய்யப்போகும் நலச்சங்கச் செயலாளர்களே, உணவுப் பட்டியலைக் கேட்பதற்கு முன் ஒலிபெருக்கி எந்த மூலையில் இருக்கிறது என்று கேளுங்கள். நிறுத்த மாட்டோம் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால், அதற்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைத் தலைமையாசிரியருக்கு ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு வேறு கடைக்கு அவரே ஏற்பாடு செய்துவிடுவார்.