‘கெரோ’ என்னும் வினைச்சொல்: காளிகாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருள்: ஒருவரைச் சுற்றி நின்று, கேட்டது கிடைக்கும்வரை நகரவிடாதிருத்தல் ‘கெரோ’ எனப்படும். அடித்தல் இதில் அடங்காது; அது வேறு வினைச்சொல். செயப்படுபொருள் இன்றி இவ்வினை நிகழாதாகையால், மேலாளர்கள் இலக்கணத்துக்கு இன்றியமையாதவர்கள்.

2. தோற்றம்: இந்தியிலும் வங்காளத்திலும் சூழ்தலைக் குறிக்கும் வேர் இதன் தாய். 1967 மார்ச்சில் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. சுபோத் பானர்ஜி தொழிலாளர் அமைச்சரானார். ஆலையில் கெரோ என்றால், போலீஸ் தலையிடுமுன் அமைச்சரைக் கேட்க வேண்டும் என்றது மார்ச் 27ஆம் தேதிச் சுற்றறிக்கை. சுற்றி நிற்பதற்குச் சுற்றறிக்கையே பொருத்தமான ஆவணம் என்பது நம் துணிபு. உஷா மின்விசிறி செய்த ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்குத் தொடுத்தது. அந்தச் சுற்றறிக்கையையும் ஜூனில் வந்த அடுத்ததையும் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவ்வாண்டே செல்லாதாக்கியது. சுற்றறிக்கைகள் போயின; சொல் ஆக்ஸ்போர்டு அகராதிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியேற்ற எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை.

3. திணை: கோட்டையை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி என்பது புறப்பொருள் மரபு. எனவே தொழிற்சங்கம் உழிஞையார். கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியைச் சுழற்றும் மேலாளர் நொச்சியார். உழிஞையை மருதத்துக்குப் புறமாக வைத்தார் தொல்காப்பியர். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஆக, போனஸ் தகராறு என்பது ஊடலே. தூது போகத்தான் தொழிலாளர் துறை இருக்கிறது.

4. காளிகாட் சான்று: கல்கத்தாவின் காளிகாட்டில் காளி கோயிலை நெருங்கும் பக்தரைப் பாண்டாக்கள் எனப்படும் கோயில் பூசாரிகள் வளைப்பது ஊரறிந்த செய்தி. முன்னால் ஒருவர் வழிகாட்டுவார். பக்கத்தில் ஒருவர் கோத்திரம் கேட்பார். பின்னால் ஒருவர் தட்சிணையை நினைவூட்டுவார். வளைப்போர் உழிஞைப்பூச் சூடுதல் பண்டை மரபு. இங்கே வளைக்கப்பட்டவருக்கே செம்பருத்தி மாலை. இன்றைய கோயிற்கட்டடம் 1809இல் எழுந்தது. ‘கெரோ’ நாளேடுகளில் ஓங்கியது 1967இல். எனவே செயல் சொல்லைவிட 158 ஆண்டு மூத்தது. கழித்தலுக்கு மட்டுமே ஆய்வாளர் பொறுப்பு.

5. முடிபு: ஆலைத் தொழிலாளி இவ்வினையைப் புதிதாகப் படைக்கவில்லை, கோயில் வாசலிலிருந்து ஆலை வாசலுக்கு மாற்றினார், அவ்வளவே. ஐயமுடையோர் காளிகாட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, கோயில் பக்கம் நடந்து சரிபார்த்துக்கொள்க. சில்லறை கைவசம் இருக்கட்டும்.