வாகைக்குளம் விமான மகாத்மியம்

பாளையங்கோட்டைக்காரர்கள் பெரிய பாக்கியசாலிகள். தூத்துக்குடி ரோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் வாகைக்குளத்தில் சுமார் 450 கோடி ரூபாய் செலவில் கண்ணாடி மாளிகை ஒன்று மின்னுகிறது. 2025 ஜூலை 26 அன்று இரவு, மாலத்தீவுப் பயணத்தை முடித்த கையோடு வந்திறங்கிய பிரதமர் அதைத் திறந்து வைத்தார். 1,350 மீட்டர் கிடந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். முனையம் மட்டும் 17,340 சதுர மீட்டர். வருஷத்துக்கு 20 லட்சம் பேரைத் தாங்குமாம்.

வெளிநாட்டிலிருந்து நேராக வாகைக்குளத்தில் இறங்க, பிரதமராகப் பிறந்திருக்க வேண்டும். துபாயில் மூட்டை தூக்கும் மேலப்பாளையத்துப் பையன் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இறங்கி, வேனுக்குப் பேரம் பேசி, மிச்சத் தூரத்தை ரோட்டிலேயே கழிக்க வேண்டும். அவன் அனுப்பும் பணம் மட்டும் எங்கும் இறங்கி ஏறாமல் ஊர் வந்து சேர்ந்துவிடுகிறது.

ரப்பர் செருப்பு போட்டவனும் விமானம் ஏறுவான் என்று சொல்லித்தான் 2017-ல் உடான் திட்டத்தைப் பறக்கவிட்டார்கள். தலைமைத் தணிக்கையாளர் 2023-ல் கணக்கெடுத்தார். ஏலம் விட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மானியக் காலமான மூன்று வருஷத்தைத் தாண்டியவை 112. அந்த 2023 மார்ச்சில் அவற்றிலும் உயிரோடு இருந்தவை 54. செருப்புக்காரன் இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறான். அந்த பஸ் ஸ்டாண்டாவது உருப்படியாக இருந்ததா? 2018-ல் ஸ்மார்ட் சிட்டி என்று சொல்லி இடித்த திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மறுபடி எழும்புவதற்குள் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

தீபாவளிக்கு ஊருக்கு வர ரயிலில் இடமில்லை. ஆம்னி பஸ்காரன் கழுத்தை அறுக்கிறான். விமானம்? அந்தக் கம்பெனிக்காரன் தலையையே கேட்கிறான். கேட்டால், கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனிகள், அரசு தலையிடாது என்கிறார்கள். அப்படியானால் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை தலையிட்டது எந்த அரசு? மேல்வரம்போடு கீழ்வரம்பும் வைத்தார்களே! பயணி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் கம்பெனி நொடிந்துவிடக் கூடாது என்ற கரிசனம். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, விலை விண்ணைத் தொட்டபோதும் உச்சவரம்பு வந்ததே! டெல்லிக்காரன் தவித்தால் வரும் வரம்பு, திருநெல்வேலிக்காரன் பண்டிகைக்குப் பண்டிகை தவிக்கும்போது ஏன் வராது?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக் கிடந்தது. ஹெலிகாப்டர் வந்து சாப்பாடு போட்டது. தாமிரபரணிச் சனங்களுக்கு ஆகாய மார்க்கமாக இலவசமாய் வந்தது அந்தப் பொட்டலம் ஒன்றுதான்.

இந்த மண்ணுக்குக் கட்டணச் சூழ்ச்சி புதிதல்ல. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை மளமளவென்று இறக்கியது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். 1908-ல் அவரைப் பிடித்து இதே பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். வெள்ளைக்காரனுக்காவது வ.உ.சி. என்றால் பயம் இருந்தது. நாட்டின் உள்ளூர் விமானப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஒரே கம்பெனியின் கையில் இருக்கும் காலத்தில், அந்தக் கம்பெனிக்காரர்கள் யாரைக் கண்டு பயப்படுவார்கள்? நம் எம்.பி.க்களைக் கண்டா?

பண்டிகை நாள் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு. வளைகுடாவுக்கு வாகைக்குளத்திலிருந்து ஒரு விமானம். முதலாவதற்கு ஒரு உத்தரவு போதும். இரண்டாவதற்கு, குடியேற்றச் சோதனைக்கும் சுங்கத்துக்கும் நாலு மேஜை போட வேண்டும். 17,340 சதுர மீட்டரில் அதற்குக்கூடவா இடமில்லை?