கூலண்ட் விளக்கு

கேள்வி: காரில் கூலண்ட் விளக்கு எரிகிறது. தண்ணீர் ஊற்றினால் இரண்டு நாள் அணைகிறது, மறுபடி எரிகிறது. ஞாயிறன்று தேக்காவில் பார்க்கிங் தேடிச் சுற்றும்போது கட்டாயம் எரியும். என்ன செய்வது?
- ஈசூன் வாசகர்

பதில்: ஓட்டைக் குடத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்! கூலண்ட் மூடிய குழாய்களுக்குள் சுற்றுவது. இரண்டு நாளில் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. சிராங்கூன் சாலையில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்று குறையும், சூடும் அழுத்தமும் ஏறும், கசிவும் கூடும்.

இன்றிரவு இஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பச்சையோ இளஞ்சிவப்போ சொட்டியிருந்தால் ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் மூன்றையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அட்டை காய்ந்திருந்து, புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட்டாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். கூலண்ட் தொட்டியில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் சென்சார் கோளாறாக இருக்கலாம்.

வெறும் தண்ணீர் வேண்டாம். பனி விழாத ஊரிலும் கூலண்ட் தேவை: துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெந்நீர் முகத்தில் அடிக்கும். வெப்பமுள் ஏறினால் ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து இலவசமாக இழுத்துச் செல்லும்.

காருக்கு வாயில்லை, அந்த விளக்குதான் வாய். தாகமென்று அழும் பிள்ளையின் வாயைப் பொத்தலாமா?