ஒரு தவணைக்கு ஓரெழுத்து

ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைப் பாடமாக்கி ஆங்கிலம் வளர்க்கும் முறையைக் தென்மராட்சியின் கொடிகாமம் உடனே கைக்கொள்ள வேண்டும். 26 எழுத்துக்கும் அலைவானேன்? ‘எம்’ ஒன்றே சந்தைக்குப் போதும்: மார்க்கெட், மாங்கோ, மணி. தென்மராட்சியின் பலாப்பழம் ‘ஜே’யில் கிடக்கிறதே என்பார்கள், அந்தத் தவணை வரும்வரை அது பழுக்காமல் பொறுக்கட்டும். சொல் சேர்ந்தால் வசனம் வருமா என்பார்கள். பேசவா ஆங்கிலம் படிக்கிறோம்? மோனை கண்ட இனத்துக்கு இலக்கணம் எதற்கு? ‘சி’ வரிசைதான் கொஞ்சம் கடினம்: கறி, கட்டமரான், செரூட். பிள்ளைகள் இரவிரவாக எழுதிப் பாடமாக்கட்டும். அர்த்தம் பிடிபடாவிட்டால், திண்ணையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆங்கிலமே தெரியாத அப்புவைக் கேட்கலாம்.