மாமன் மடியும் சி ஷிப்டும்

ஒரகடம் பக்கம் பிள்ளைகளுக்கு அ, ஆ வருவதற்கு முன்னால் ஏ, பி, சி வந்துவிடுகிறது. ஏ ஷிப்ட் என்றால் அப்பா சாயங்காலம் விளையாட வருவார். பி என்றால் தூங்கிய பிறகு வருவார். சி என்றால் பகலில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் உருண்டு வந்த நாளிலிருந்தே எங்கள் பஞ்சாங்கம் இப்படித்தான். ராகு காலம், எமகண்டம் எல்லாம் அப்புறம். முதலில் கம்பெனி பஸ் காலம்.

போன மாதம் பக்கத்து வீட்டில் காதுகுத்து. நல்ல நேரம் ஒன்பது மணிக்குள். தாய்மாமன் சி ஷிப்ட் முடித்து, நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து மனையில் உட்கார்ந்தார். மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை. மாமன் கண் சொக்கிவிட்டது. ஆசாரி ஊசியை இறக்க, குழந்தை வீறிட, மாமன் திடுக்கிட்டு எழுந்து கேட்டார்: “லைன் நின்னுடுச்சா?”

1017-ல் ராமானுசர் பிறந்த வட்டாரம் இது. திருமந்திர ரகசியத்தைத் திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் என்பார்கள். அந்த மரபு அழியவில்லை. நேற்று எதிர்வீட்டு நாலு வயசு வாண்டு மொட்டை மாடியில் ஏறி, முனையில் நின்ற கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக் கத்தியது: “எங்கப்பாவுக்கு ஜுரமே இல்ல! சும்மா லீவு!”